காற்றும் காரும்

அமெரிக்க நாட்டின் தென்மேற்குப் பகுதியில், மழை அருகிப் புதர்கள் மண்டிக் கிடக்கும் வறண்ட நிலங்களில், ஒருவகைப் பறவை வாழ்கின்றது. நீண்ட வாலும் வலிய அலகும் உடைய அப்பறவைக்குச் சிறகுகள் உண்டு. ஆயினும் அது பறப்பதைப் பெரிதும் நாடுவதில்லை. தரையில் ஓடுவதே அதன் இயல்பு. பல்லியையும் பாம்பையும் துரத்திச் சென்று பிடிக்கும் அளவிற்கு அது விரைந்து ஓடும். அந்நாட்டு மக்கள் அதனைச் 'சாலையில் ஓடுவது' என்னும் பொருள்பட அழைப்பர். சாப்பரல் என்னும் பெயரும் அதற்கு வழங்குகின்றது.

இப்பறவையின் பெயரைத் தாங்கிய பந்தயக் கார்கள் சில, 1960-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உலகத்தாரின் கண்களை ஈர்த்தன. அவற்றுள் புகழ் மிக்கவற்றிற்கும் சிறகு இருந்தது. பறவையின் சிறகு அதனை வானில் எழச் செய்வது. அக்காரின் சிறகோ அதனை எழவிடாமல் மண்ணோடு பிணைத்து வைப்பது. பறப்பதற்குச் சிறகு வேண்டும் என்பதை யாவரும் அறிவர். பறவாமல் இருப்பதற்கும் சிறகு வேண்டும் என்பதைக் கண்டு, அதனைச் செய்தும் காட்டியவர் வரலாறு அறியத் தக்கது.

அவர் பெயர் ஜிம் ஹால். டெக்ஸஸ் மாநிலத்தில், அபிலீன் என்னும் ஊரில், 1935-ஆம் ஆண்டில் பிறந்தவர். எண்ணெய்த் தொழிலால் செல்வம் பெற்ற குடும்பம் அவருடையது. ஆயினும் இளமையிலேயே பெருந்துயரம் ஒன்று அவரை வந்தடைந்தது. 1953-ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு விமான விபத்தில் அவர் தம் பெற்றோரை இழந்தார். பள்ளிப் பருவம் கடந்து கல்லூரிக்குள் காலடி வைக்கும் வயதில் அவரும் அவருடைய உடன்பிறந்தாரும் தாமே தம் வாழ்வை அமைத்துக்கொள்ள வேண்டியவராயினர்.

செல்வம் உண்டு, தடுப்பார் இல்லை. இத்தகைய நிலையில் இளைஞர் ஒருவர் கெட்டுப் போவதற்கு வழிகள் பல. ஹாலும் கார்ப் பந்தயத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். ஆனால் அவர் கல்வியைக் கைவிடவில்லை. கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து இயந்திரப் பொறியியல் பயின்று, 1957-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பந்தயத்தில் கார் ஓட்டுவோர் பலர். காரைச் செய்வோரும் பலர். காரைத் தாமே வகுத்து, தாமே செய்து, தாமே ஓட்டி, ஓட்டியபோது கண்ட குறையைத் தாமே திருத்தும் ஆற்றல் மிகச் சிலருக்கே வாய்க்கும். அச்சிலருள் ஒருவராக ஹால் விளங்கியதற்கு அவர் பெற்ற கல்வியே அடிப்படையாயிற்று.

அக்காலத்தில் அமெரிக்கர் பலர் பந்தயத்திற்குரிய கார்களை ஐரோப்பாவிலிருந்தே வாங்கினர். இத்தாலி நாட்டுப் பெராரியும் மசராட்டியும், ஆங்கில நாட்டு லோட்டஸும் பெரும்புகழ் பெற்றிருந்தன. ஹாலும் அத்தகைய கார்களை ஓட்டிப் பழகியவரே. 1961-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவைச் சேர்ந்த டிரவுட்மன், பார்ன்ஸ் என்னும் கைத்திறன் மிக்க இருவர் அவருக்காக ஒரு காரைச் செய்தனர். எஞ்சின் முன்புறம் அமைந்த அக்காருக்கே சாப்பரல் என்னும் பெயர் முதலில் சூட்டப்பட்டது. அது நல்ல கார்தான். ஆயினும் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் புதிய முறை அதற்குள் ஐரோப்பாவில் வேரூன்றிவிட்டது. முன்புறத்தில் எஞ்சின் உடைய பந்தயக் காரின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆதலின் ஹால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க முடிவு செய்தார்.

ஹாப் ஷார்ப் என்பார் ஹாலின் நண்பர். எண்ணெய்த் தொழிலில் ஈடுபட்டவர். கார் ஓட்டுவதில் வல்லவர். இருவரும் கூட்டாக 1962-ஆம் ஆண்டில் டெக்ஸஸ் மாநிலத்து மிட்லண்ட் நகரில் சாப்பரல் கார் நிறுவனத்தை அமைத்தனர். பணிமனையை அடுத்தே, ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள ஓட்டப் பாதை ஒன்று இருந்தது. சுற்றிலும் வெட்டவெளி; பாம்புகள் நடமாடும் நிலம். அப்பாதையைக் கிலுகிலுப்பைப் பாம்பின் பெயராலேயே அழைத்தனர். காலையில் ஓர் உறுப்பைச் செய்து, நண்பகலில் அதனைக் காரில் பொருத்தி, மாலையில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அங்கே இருந்தது. பெரும் நிறுவனங்களுக்கும் எளிதில் கிட்டாத வசதி இது. ஊரின் கண்களுக்கு எட்டாத அப்பாதையில்தான் சாப்பரலின் வெற்றிகள் பலவும் கருக்கொண்டன.

அங்கே உருவான புதிய கார் சாப்பரல்-2 எனப்பட்டது. அதன் அடிச்சட்டம் எஃகுக் குழாய்களால் ஆயதன்று. கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்க்கப்பட்டது. விமானத் தொழிலில் பயன்பட்டுவந்த இம்முறையைப் பந்தயக் காரின் எலும்புக் கூட்டிற்கே கையாண்டது துணிவு மிக்க செயல். இவ்வாறு செய்த சட்டம் எடை குறைந்ததாகவும், முறுக்கினாலும் வளையாததாகவும் இருந்தது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் செவ்ரோலே நிறுவனத்தின் எட்டு உருளை எஞ்சின் அமைந்தது. அதன் உடல் இரும்பால் அன்றி அலுமினியத்தால் ஆனது.

இவ்வளவு கவனத்துடன் செய்த காரை முதன்முதலில் விரைந்து ஓட்டியபோது, எதிர்பாராத இடர் ஒன்று தோன்றியது. வேகம் ஏற ஏறக் காரின் மூக்கு மேலெழத் தொடங்கியது. முன்சக்கரங்கள் தரையை அழுத்தமாகப் பற்றவில்லை. ஓட்டுவளையைத் திருப்பினாலும் கார் திரும்ப மறுத்தது. நேர்பாதையில் எத்துணை விரைந்து சென்றால் என்ன? வளைவில் திரும்பாத கார் ஓட்டுநருக்கு எமனே ஆகும்.

இதற்குக் காரணம் காற்று. புயல் வீசும்போது வீட்டுக் கூரை என்ன ஆகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காற்று கூரையைக் கீழே அழுத்துவதில்லை. மேலே பிய்த்து எறிகின்றது. வளைந்த பரப்பின்மீது காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகின்றது. கீழேயுள்ள அழுத்தம் மேலோங்கி அப்பரப்பைத் தூக்குகின்றது. விமானத்தின் சிறகு அதனைத் தாங்குவதும் இம்முறையினாலேயே. காரின் மேற்புறம் வளைந்தது, அடிப்புறம் தட்டையானது. ஆகவே விரைந்து ஓடும் கார், தன்னை அறியாமலே சிறகின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகின்றது. மேலும், இவ்விசை வேகத்தோடு ஒப்ப வளர்வதன்று. வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளர்வது. எடுத்துக்காட்டாக, மணிக்கு 60 மைல் வேகத்தில் 50 பவுண்டு தூக்குமாயின், 120 மைல் வேகத்தில் 200 பவுண்டும், 180 மைல் வேகத்தில் 450 பவுண்டும் தூக்கும். மெல்லச் செல்லும்போது தோன்றாத குறை, விரைந்து செல்லும்போது உயிருக்கே உலை வைப்பதன் காரணம் இதுவே.

காற்றை எதிர்த்துக் காரின் உருவம் அமைத்தவர்கள் அதுவரை ஒன்றனையே பெரிதும் எண்ணி வந்தனர். காரின் ஓட்டத்தைத் தடுக்கும் காற்றை எங்ஙனம் எளிதாகக் கிழித்துச் செல்வது என்பதே அது. உருவம் வழுவழுப்பாக இருந்தால் போதும் என்று கருதினர். ஹாலோ அதனோடு நிற்கவில்லை. காற்று காரைப் பின்னுக்குத் தள்ளுகின்றதா என்று கேட்டதோடு, மேலே தூக்குகின்றதா, கீழே அழுத்துகின்றதா என்றும் கேட்டார். கேட்டதோடும் அமையாமல் அளந்து பார்த்தார். காரைத் தாங்கும் வில்சுருள்கள் இன்ன எடைக்கு இவ்வளவு சுருங்கும் என்பது நிற்கும் காரிலேயே தெரிந்துகொள்ளக் கூடியது. அங்ஙனமாயின், ஓடும் காரில் அச்சுருள்கள் எவ்வளவு நீண்டன, எவ்வளவு சுருங்கின என்று குறித்துக்கொண்டால், காற்று எத்தனை பவுண்டு தூக்குகின்றது என்பது வெளிப்பட்டுவிடும் அன்றோ? எளிய கணக்கு இது. ஆயினும் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கும் பொறுமை பலரிடம் இருப்பதில்லை.

குறையின் அளவு தெரிந்தபின் திருத்துதல் எளிதாயிற்று. காரின் மூக்கின் கீழே, பனியைத் தள்ளும் கலப்பை போன்ற ஒரு தகட்டைப் பொருத்தினர். அது காரின் அடியில் புகும் காற்றைத் தடுத்து விலக்கியது. மூக்கு எழுவது நின்றது. காற்றைப் பணிய வைக்க முடியும் என்ற உண்மை அன்று ஹாலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1963-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கலிபோர்னியாவிலுள்ள ரிவர்சைடு பந்தயத்தில் சாப்பரல்-2 முதன்முறையாகக் களத்தில் இறங்கியது. தகுதி ஓட்டத்தில் யாவரினும் விரைந்து ஓடி முதலிடம் பெற்றது. பந்தயத்திலும் முன்னணியில் சென்றது. பின்னர் மின்கம்பிகளில் ஏற்பட்ட கோளாறினால் விலக நேர்ந்தது. வெற்றி கிட்டவில்லை, ஆயினும் வழி சரியானது என்பது தெளிவாயிற்று.

அடுத்த ஆண்டில் மற்றொரு புதுமை அக்காரில் இடம்பெற்றது. பந்தயக் காரை ஓட்டுபவர் இடக்காலால் கிளச்சை மிதித்து, கையால் பல்லிணைகளை மாற்றுவது வழக்கம். சாப்பரலிலோ கிளச்சு மிதிகட்டையே இல்லை. எஞ்சினின் விசையைச் சுழலும் எண்ணெயின் வாயிலாகச் சக்கரங்களுக்குக் கடத்தும் அமைப்பு அதில் பொருத்தப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பொறியியலார் இதற்குத் துணை புரிந்தனர். கார் நிறுவனங்கள் பந்தயங்களில் ஈடுபடலாகாது என்று அந்நாட்டில் 1957-ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தமையால், இவ்வுதவி ஆரவாரமின்றியே நடைபெற்றது. இத்தகைய அமைப்பு வீட்டுக் கார்களுக்கே ஏற்றது எனக் கருதியோர் உண்டு. ஆனால் அவ்வாண்டின் அமெரிக்கச் சாலைப் பந்தயச் சாம்பியன் பட்டத்தை ஹாலே வென்றார். கிளச்சு ஒழிந்ததனால் ஓட்டுநரின் இடக்கால் ஓய்வு பெற்றது. அவ்வோய்ந்த காலுக்குப் பிற்காலத்தில் எத்தகைய வேலை வந்து வாய்த்தது என்பதைப் பின்னர்க் காணலாம்.

1965-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், புளோரிடா மாநிலத்துச் செபிரிங்கில் 12 மணிநேரப் பந்தயம் நடைபெற்றது. பழைய விமானத் தளம் ஒன்றில் அமைந்த அப்பாதை மேடுபள்ளம் நிறைந்தது. கார்களின் மூட்டுகளைப் பிரித்துவிடக் கூடியது. கண்ணாடி நாரால் செய்த கார் இத்துணை நேரம் தாங்குமா என்ற ஐயம் இருந்தது. பந்தயத்தின் இடையே பெருமழை பிடித்துக்கொண்டது. ஓட்டப் பாதை ஆறாக மாறியது. கார்கள் தோணிகளைப்போல் நீரைப் பிளந்து ஊர்ந்தன. ஹாலும் ஷார்ப்பும் மாறி மாறி ஓட்டிய சாப்பரல், இத்தனைக்கும் ஈடுகொடுத்து முதலாவதாக வந்தது. இரண்டாவதாக வந்த போர்டு கார் நான்கு சுற்றுகள் பின்தங்கியிருந்தது. பாலைநில ஓரத்துப் பணிமனையில் சிலர் கூடிச் செய்த கார், உலகப் பெருநிறுவனங்களின் கார்களை வென்றது.

வெற்றி பெற்றவர் பெரும்பாலும் தம் பழைய முறையையே பற்றிக்கொள்வர். ஹால் அவ்வாறு இருந்துவிடவில்லை. அவருடைய எண்ணம் இப்போது ஒரு படி மேலே சென்றது. காற்று காரைத் தூக்காமல் தடுத்தாயிற்று. அக்காற்றைக் கொண்டே காரைக் கீழ்நோக்கி அழுத்தினால் என்ன?

இதன் பயனை ஒரு சிறு எடுத்துக்காட்டால் உணரலாம். மாட்டு வண்டியில் கல் மூட்டைகளை ஏற்றினால் சக்கரங்கள் மண்ணில் நன்கு அழுந்தும். ஆனால் அந்தப் பாரமே வண்டியை இழுப்பதற்குத் தடையாகும். சரிவில் நிறுத்துவதற்கும் தடையாகும். வளைவில் வண்டியைப் புறத்தே சாய்க்கவும் முற்படும். அழுத்தம் வேண்டும், பாரம் வேண்டா. இவ்விரண்டையும் ஒருங்கே தரவல்லது காற்று ஒன்றே. விமானச் சிறகைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால், அது மேலே தூக்குவதற்கு மாறாகக் கீழே அழுத்தும். சில பவுண்டு எடையுள்ள சிறகு பல நூறு பவுண்டு அழுத்தத்தைத் தரும். இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. 1956-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலார் மைக்கேல் மே என்பவர் தம் போர்ஷே காரில் ஒரு சிறகைப் பொருத்திக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தார். பந்தய அதிகாரிகள் அதனை அனுமதிக்கவில்லை. அதன்பின் பத்து ஆண்டுகள் அவ்வெண்ணம் உறங்கிக் கிடந்தது.

1966-ஆம் ஆண்டில் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து கான்-ஆம் என்னும் பந்தயத் தொடரைத் தொடங்கின. விதிகள் மிகக் குறைவாக இருந்தமையால் புதுமை நாடுவோர்க்கு அது நல்ல களமாயிற்று. அத்தொடருக்கென ஹால் செய்த கார் 2-ஈ என்பது. அதனைக் கண்டவர் திகைத்தனர். காரின் பின்புறத்தில், ஓட்டுநரின் தலைக்கும் மேலே, இரு மெல்லிய கால்களின்மீது அகன்ற சிறகு ஒன்று நின்றது. உயரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு: காரின் உடல் கலக்கிவிட்ட காற்று அங்கே இல்லை, தூய காற்று சிறகின்மீது பட்டது. அக்கால்கள் காரின் உடலில் ஊன்றப்படாமல், பின்சக்கரங்களின் அச்சுத் தாங்கிகளிலேயே நேரே ஊன்றப்பட்டிருந்தன. ஆதலின் சிறகின் அழுத்தம் வில்சுருள்களை நசுக்காமல் நேரே சக்கரங்களைச் சேர்ந்தது. வழக்கமாக மூக்கில் இருக்கும் வெப்பந்தணிப்பான்களை ஓட்டுநரின் இருபுறங்களிலும் அமைத்தனர். அதனால் மூக்கின் பகுதி காற்றுக்கு வழிவிடும் வாயிலாக அமைந்து, முன்சக்கரங்களுக்கும் அழுத்தம் தந்தது.

இங்கேதான் ஓய்ந்திருந்த இடக்காலுக்கு வேலை வந்தது. சிறகு அழுத்தம் தரும்போது காற்றுத் தடையும் சேர்ந்தே வரும். வளைவில் அழுத்தம் வேண்டும்; நேர்பாதையில் அது சுமை. ஆகவே, நேர்பாதையில் ஓட்டுநர் இடக்காலால் ஒரு மிதிகட்டையை மிதிப்பார், சிறகு தட்டையாகும், கார் தடையின்றி விரையும். வளைவு நெருங்கியதும், பிரேக்கை மிதிப்பதற்காக அதே காலை எடுப்பார். எடுத்த அளவிலேயே சிறகு தானாகச் சாய்ந்து சக்கரங்களை அழுத்தும். ஓட்டுநர் மறந்துபோக இடமே இல்லை. பிழை நேருமாயினும் காப்பின் பக்கமே நேருமாறு அமைந்தது அந்த ஏற்பாடு. நல்ல பொறியியலின் அடையாளம் இதுவே எனலாம். அவ்வாண்டு அக்டோபரில் லகூனா சேகா என்னும் இடத்தில் நடந்த பந்தயத்தில் சிறகுடைய சாப்பரல்கள் முதல் இரண்டு இடங்களையும் பெற்றன. பில் ஹில் முதலாவதாகவும், ஹால் இரண்டாவதாகவும் வந்தனர்.

ஐரோப்பாவிலும் சாப்பரலின் புகழ் பரவியது. 1966-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் மலைப்பாதையில் நடந்த 1000 கிலோமீட்டர் பந்தயத்தில், மூடிய உடலுள்ள 2-டி என்னும் காரைப் பில் ஹில்லும் ஜோ போனியரும் ஓட்டி வென்றனர். அடுத்த ஆண்டில், ஏழு லிட்டர் எஞ்சினும் உயர்ந்த சிறகும் பெற்ற 2-எப் என்னும் கார் பல நாடுகளிலும் ஓடியது. வேகத்தில் அதற்கு நிகர் அரிது. ஆயினும் எஞ்சினின் பெரும் விசையைத் தாங்க மாட்டாமல், விசை கடத்தும் அமைப்பு பலமுறை பழுதுற்றது. பந்தயந்தோறும் ஏமாற்றமே மிஞ்சியது. இறுதியாக, 1967-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச் என்னும் இடத்தில் பில் ஹில்லும் மைக் ஸ்பென்ஸும் அக்காருக்கு வெற்றி தேடித் தந்தனர். அடுத்த ஆண்டு முதல் அவ்வகைப் பந்தயக் கார்களின் எஞ்சின் மூன்று லிட்டருக்கு மேற்படலாகாது என்ற விதி வந்தது. வெற்றியின் மகிழ்ச்சி அடங்குமுன்பே அக்காருக்கு ஐரோப்பாவின் கதவு அடைபட்டது.

துன்பங்கள் தனித்து வருவதில்லை. 1968-ஆம் ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் பந்தயத்தில் ஹாலின் கார் முன்சென்ற காரின்மீது மோதித் தூக்கி எறியப்பட்டது. அவருடைய கால்களில் கடுமையான முறிவுகள் ஏற்பட்டன. உயிர் தப்பியதே அரிது. முன்னணி ஓட்டுநராக விளங்கிய அவர் வாழ்வு அன்றோடு ஏறத்தாழ முடிவுற்றது. அதே ஆண்டில், அவர் காட்டிய வழியைப் பின்பற்றி, பார்முலா ஒன்று பந்தயக் கார்களும் சிறகுகளை அணியத் தொடங்கியிருந்தன. ஆனால் உருவத்தைக் கண்டு செய்தவர் பலர். உறுதியைக் கண்டு செய்தவர் சிலர். 1969-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் இரு லோட்டஸ் கார்களின் சிறகுகள் முறிந்து பெரும் விபத்துகள் நேர்ந்தன. அதன் விளைவாக உயர்ந்த சிறகுகள் தடை செய்யப்பட்டன. அசையும் சிறகுகளும் விலக்கப்பட்டன. ஹாலின் அரிய அமைப்பு, பிறர் கைகளில் நேர்ந்த தவறுகளினால் களத்தை விட்டு நீங்க வேண்டியதாயிற்று.

ஓட்டவும் இயலாது, சிறகும் கூடாது. வேறொருவராயின் சோர்ந்து அமர்ந்திருப்பர். ஹால் வேறு வகையில் சிந்தித்தார். சிறகு காரின் மேலிருந்து அழுத்துகின்றது. அது கூடாதாயின், கீழிருந்து இழுக்கலாகாதா? செவ்ரோலே ஆய்வுப் பொறியியலாரின் துணையுடன் 1970-ஆம் ஆண்டில் 2-ஜே என்னும் கார் வெளிவந்தது. பெட்டியைப் போன்ற அதன் பின்புறத்தில் இரு பெரிய விசிறிகள் சுழன்றன. அவற்றைச் சுழற்றுவதற்கென்றே தனியாக ஒரு சிறு எஞ்சின் இருந்தது. பனியில் ஓடும் வண்டிக்குரிய எஞ்சின் அது. காரின் அடி விளிம்புகளில், தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் பிளாஸ்டிக்குத் தடுப்புகள் பாவாடைபோல் தொங்கின. விசிறிகள் காரின் அடியிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றும். அடியில் அழுத்தம் குறையும். மேலேயுள்ள காற்று மண்டலமே காரைத் தரையோடு அழுத்திவிடும்.

இதன் சிறப்பு ஒன்று கருதத் தக்கது. சிறகின் அழுத்தம் வேகத்தைச் சார்ந்தது. மெல்லத் திரும்பும் வளைவில் அது மங்கிவிடும். விசிறியின் அழுத்தமோ கார் நின்றாலும் குறையாது. ஆகவே குறுகிய வளைவுகளிலும் 2-ஜே பிற கார்களை வியக்க வைத்தது. வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் அதனை ஓட்டி, அப்பந்தயத்தின் மிகவிரைந்த சுற்றை நிகழ்த்தினார். பின்னர் விக் எல்போர்ட் ஓட்டிய மூன்று பந்தயங்களிலும் தகுதி ஓட்டத்தில் அதுவே முதலிடம் பெற்றது. ரிவர்சைடில் அடுத்து வந்த காரைவிட ஒரே சுற்றில் இரண்டு விநாடிக்கு மேல் விரைந்து ஓடியது. பந்தய உலகில் இரண்டு விநாடி என்பது பெரும் இடைவெளி. ஆயினும் அக்கார் ஒரு பந்தயத்திலேனும் வெற்றி பெறவில்லை. ஓரிடத்தில் பெரிய எஞ்சின் உடைந்தது. மற்றோரிடத்தில் சிறிய எஞ்சின் நின்றது.

வெல்லாத காராயினும் அதனைக் கண்டு மற்றவர் அஞ்சினர். அதன் விசிறிகள் புழுதியையும் கற்களையும் பின்வருவோர்மீது வாரி எறிகின்றன என்றனர். அசையும் உறுப்புகளால் காற்றைப் பயன்படுத்தலாகாது என்ற விதிக்கு அது மாறானது என்றனர். தொடக்கத்தில் அனுமதி தந்த அதிகாரிகள் ஆண்டின் இறுதியில் அதனைத் தடை செய்தனர். இதில் யார் பக்கம் நீதி என்று எளிதில் கூறிவிட இயலாது. விளையாட்டுக்கு விதி வேண்டும். ஒருவர் செய்த புதுமைக்கு ஈடாக யாவரும் பெரும்பொருள் செலவிட வேண்டிய நிலை வந்தால் விளையாட்டு அழியும். விபத்தைத் தடுப்பதும் அதிகாரிகளின் கடமையே. ஆனால் புதியது ஒன்றையும் ஏற்காத விதி, அறிவின் வளர்ச்சிக்குத் தளையாகிவிடும் என்பதும் உண்மையே. ஹால் அத்தீர்ப்பை ஏற்று, கான்-ஆம் பந்தயங்களிலிருந்து விலகினார்.

விதி காரைத் தடுக்கலாம். கருத்தைத் தடுக்க இயலாது. காரின் அடியில் செல்லும் காற்றைக் கொண்டே அழுத்தம் பெறும் முறை, 1977-ஆம் ஆண்டில் லோட்டஸ் காரின் வாயிலாகப் பார்முலா ஒன்றில் தழைத்தது. 1978-ஆம் ஆண்டில் விசிறியுடைய பிராபம் கார், சுவீடன் நாட்டுப் பந்தயத்தில் நிக்கி லௌடாவின் கையில் வெற்றி பெற்றது. உடனே அதுவும் களத்தைவிட்டு விலக்கப்பட்டது. நேர்பாதையில் சிறகைத் தட்டையாக்கும் உரிமையைப் பார்முலா ஒன்று விதிகளே 2011-ஆம் ஆண்டில் வழங்கின. ஹாலின் இடக்கால் 1966-இல் செய்த வேலையை, 45 ஆண்டுகள் கழித்து வந்த ஓட்டுநர்கள் செய்தனர். ஹாலும் பந்தய உலகை முற்றிலும் துறந்தாரல்லர். 1980-ஆம் ஆண்டில், அடிக்காற்றைப் பயன்கொள்ளும் சாப்பரல் 2-கே என்னும் மஞ்சள் நிறக் கார், ஜானி ரதர்போர்டு ஓட்ட, புகழ்பெற்ற இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தை வென்றது.

சாப்பரல் கார்களுள் சில பிற்காலத்தில் மிட்லண்ட் நகரின் பெட்ரோலியக் காட்சிச் சாலையில் இடம்பெற்றன. உயர்ந்த சிறகும் விசிறிப் பெட்டியும் முதலில் பலருக்கு விந்தையாகவே தோன்றின. அவை விந்தைக்காகச் செய்யப்பட்டவையல்ல. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை. மூக்கு ஏன் எழுகின்றது என்ற கேள்விக்கு விடை முன்தகடு. பாரமின்றி அழுத்தம் பெறுவது எங்ஙனம் என்ற கேள்விக்கு விடை சிறகு. சிறகின்றி அதனைப் பெறுவது எங்ஙனம் என்ற கேள்விக்கு விடை விசிறி.

காற்று எல்லாக் கார்களின்மீதும் ஒரே வகையாகத்தான் வீசியது. கண்ணுக்குத் தெரியாத அதனை அளந்து அறிய முற்பட்டவரே அதனைத் தமக்கு ஏவல் செய்யும் துணையாக்கிக்கொண்டார். தடையாக வந்ததை வெறுத்து ஒதுக்காமல், அதன் இயல்பை ஆராய்ந்து, அதையே கருவியாகக் கொள்வது அறிவுடையார் செயல். அத்தகையோர் பெறும் பரிசுகள் சிலவாக இருக்கலாம். அவர் செய்த பொருள்களும் காலத்தால் ஒதுக்கப்படலாம். ஆயினும் அவர் கண்ட உண்மை பின்வருவோர் அனைவருக்கும் பொதுவுடைமையாகி நிலைத்து நிற்கும்.